செங்கம் வழியாக

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். திருவண்ணாமலை–சென்னை தடத்தில் இருபத்தாறு வருஷம் ஓடியவர். எந்த விஷயத்தையும் ஸ்டேஜ் கணக்கில் சொன்னால்தான் அவர் மனசில் உட்காரும். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் வரும். நான் செய்கிற வேலை என்ன என்று அவருக்குச் சொல்ல முடியாமல் பல வருஷம் தவித்திருக்கிறேன். கடைசியில் அதன் உயிர்நிலையை எனக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

சென்னையில் ஏழு வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு 2012-இல் எங்கள் ஊரான திருவண்ணாமலைக்குத் திரும்பினேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஊரைத் தாண்டித் திண்டிவனம் சாலையில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகம் இருந்தது, அங்கே சேர்ந்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் பார்த்த நோயாளிகளின் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பணம் வந்து சேரும்வரை விடாமல் கேட்பது அங்கே வேலை. இருநூற்றைம்பது பேரில் முக்கால்வாசி பெண்கள். தண்டராம்பட்டு, கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேனில் வருவார்கள். குளிர்காலத்தில் அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அப்போது ஹெட்செட்டை மாட்டினால் விடியற்காலையில்தான் கழற்றுவார்கள். தம்பியின் காலேஜ் ஃபீஸும் அக்காவின் கல்யாணக் கடனும் அந்தச் சம்பளத்தில்தான் அடைந்துகொண்டிருந்தன. லைன் கட் ஆனால் அந்த ராத்திரியின் கணக்கு குறையும். கணக்கு குறைந்தால் இன்சென்டிவ் போகும். எனக்கு அந்த வேலை வெறும் வயரும் பெட்டியுமாக ஒருநாளும் இருந்ததில்லை.

லைன் அடிக்கடி கட் ஆனது. சென்னைக் கம்பெனி ஒன்று எங்களுக்குக் கொடுத்த ஃபைபர் திண்டிவனம் சாலை ஓரமாக வந்தது. சாலை விரிவாக்கம் நடந்துகொண்டிருந்த காலம். இன்று ஜேசிபி எங்கே தோண்டுகிறது என்று விசாரித்தால் அன்று ராத்திரி எங்கள் நிலைமை தெரிந்துவிடும். ஜாயிண்ட் போட வரும் அண்ணன் ஒருவர் உண்டு. ரோட்டோரத்தில் குடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தலைமுடி மாதிரி இருக்கிற இரண்டு கண்ணாடி இழைகளின் முனைகளை அந்தச் சின்ன மெஷினுக்குள் எதிரெதிரே படுக்க வைப்பார். திரையில் அவை இரண்டு தூண்கள் மாதிரித் தெரியும். ஒரு பொறி. இரண்டும் ஒன்றாகிவிடும். “ஆச்சு மேடம், பாருங்க” என்பார். போனை வைப்பதற்குள் எங்கள் பெட்டியில் பச்சை விளக்கு எரியும்.

இன்னொரு கம்பெனியிடமும் ஒரு லைன் வாங்கி வைத்திருந்தோம். அது எதிர்த்திசை: கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக பெங்களூரிலிருந்து வந்தது. இது போனால் அது என்பது ஏற்பாடு. ஆனால் அது ராத்திரியில் உதவவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன்னிடமிருக்கும் ஐபி முகவரிகளில் சிலவற்றை நமக்கு வாடகைக்குத் தருகிறது. லைன் மாறினால் முகவரியும் மாறும். அமெரிக்காவில் உள்ள வாடிக்கையாளர்களின் ஃபயர்வால், பதிவு செய்த முகவரிக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். புது முகவரியைச் சேர்க்க அங்கே நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு நாளாகும். இணையம் இருக்கும், வேலை இருக்காது. இருநூற்றைம்பது பேர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நமக்கென்று சொந்த முகவரி இருந்து, அந்த முகவரிக்கு எந்த வழியில் வரலாம் என்பதை நாமே உலகத்துக்குச் சொல்லிக்கொண்டால்தான் இது தீரும். அப்படிச் சொல்லிக்கொள்ளும் மொழிதான் பிஜிபி, பார்டர் கேட்வே புரோட்டகால். இணையம் என்று நாம் ஒருமையில் சொல்வது பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகள் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ் எண் என்று ஓர் அடையாளம் உண்டு. இவை எல்லையில் ஒன்றையொன்று சந்தித்து, ‘இந்த முகவரிக்கு என் வழியாக வரலாம்’ என்று சொல்லிக்கொள்வதால்தான் சீனாவில் அனுப்பியது சிலிக்குப் போய்ச் சேருகிறது. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்த கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் மதியச் சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் காகிதத்தில் இதன் முதல் வரைவை எழுதினார்கள். நடுவில் எவ்வளவோ மாறினாலும் அடிப்படை அதேதான். அந்த வருஷம் செப்டம்பரில்தான் எங்கள் மாவட்டமும் வடஆற்காட்டிலிருந்து பிரிந்து தனியானது. இரண்டும் ஒரே வயது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

முகவரி கேட்டு விண்ணப்பிக்க 2012-இல் இந்தியாவுக்கென்றே ஐரின் என்ற பதிவகம் வந்திருந்தது. டெல்லியில் நிக்ஸி என்ற அமைப்பின் கீழ் இயங்குவது. அதற்கு முன் எல்லாரும் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக் என்ற பதிவகத்தின் வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துகொண்டிருந்த நேரம். 2011 ஏப்ரலிலேயே ஏப்னிக் கடைசிக் கையிருப்பைத் தொட்டுவிட்டது, அதற்குமேல் ஒருவருக்கு 1,024 முகவரிக்கு மேல் கிடையாது. நாங்கள் கேட்டது 256. அதைவிடச் சின்னத் துண்டாக அறிவித்தால் உலகத்தின் பெரும்பாலான ரௌட்டர்கள் காதில் போட்டுக்கொள்ளாது. வரைபடம், பில், கம்பெனிப் பத்திரம் எல்லாம் அனுப்பி, கேள்விகளுக்கு மறுபடி மறுபடி பதில் எழுதி, ஒருநாள் மெயில் வந்தது. 256 முகவரிகள். 13 என்று தொடங்கும் ஆறு இலக்க ஏஎஸ் எண் ஒன்று. அதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். புதிதாக உண்டான கிராமத்துக்கு ரெவின்யூ ரெக்கார்டில் பெயர் ஏறியது மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவர் வழிக்கே போனேன்.

“கோயம்பேட்டுல ஒருத்தர் நின்னுகிட்டு திருவண்ணாமலைக்கு எப்படிப் போறதுன்னு கேட்கிறார்ப்பா. அங்க இருக்கிறவர் திருவண்ணாமலையையே பார்த்ததில்ல. ஆனா தாம்பரத்துக்காரர் சொல்லி வெச்சிருக்கார்: என்கிட்ட அனுப்பு, நான் செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சின்னு அனுப்பிடறேன்னு. வேலூர்க்காரர் ஒரு வழி சொல்றார். எந்த வழியில ஊர்ப் பேர் கம்மியா இருக்கோ அந்த வழியா அனுப்பிடுவாங்க.”

“ரோடு எப்படி இருக்குன்னு பார்க்க மாட்டானா?”

“மாட்டாங்க. பேரைத்தான் எண்ணுவாங்க. வழியில தன் பேரே இருந்தா, சுத்திகிட்டு வருதுன்னு தள்ளிடுவாங்க.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “அப்போ யாருமே முழு ரோட்டையும் பார்த்தது கிடையாது. பக்கத்து ஸ்டேஜ்காரன் சொன்னதை நம்பி ஆளை ஏத்தி வுடறான். அவன் தப்பாச் சொன்னா இன்னாம்மா ஆவும்?”

எனக்குப் படிப்பில் இதற்குப் பதில் இருந்தது: ஃபில்டர் போட வேண்டும். அந்தச் சொல்லின் எடை மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

2013 ஆடியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து, சென்னைக் கம்பெனியோடு முதல் செஷனைத் தொடங்கினோம். பிஜிபியில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி எழுதி வைக்க வேண்டும். தெரியாதவர் வந்து கதவைத் தட்ட முடியாது. என் ரௌட்டரில் அவர்களுடைய முகவரியையும் எண்ணையும் எழுதினேன். அங்கே நெட்வொர்க் கண்ட்ரோல் ரூமில் ஒரு தம்பி எங்களுடையதை எழுத வேண்டும். ‘ஷோ ஐபி பிஜிபி சம்மரி’ என்று அடித்தால் பக்கத்துவீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வரும். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில்தான் எல்லாம். அங்கே ‘ஆக்டிவ்’ என்று வந்தது.

மேனேஜர் பின்னால் நின்றிருந்தார். “ஆக்டிவ்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன மேடம்?” என்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பிஜிபியில் இந்தச் சொல் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. ‘ஆக்டிவ்’ என்றால் இன்னும் ஆள் கிடைக்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று பொருள். பேச்சு கூடிவிட்டால் அந்தக் கட்டத்தில் சொல்லே இருக்காது. ஓர் எண் இருக்கும். எதிரே இருப்பவர் நமக்கு எத்தனை வழி சொல்லியிருக்கிறார் என்ற எண்.

பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு. செஷன் எழுந்து எழுந்து விழுந்தது. லாகில் ஒவ்வொரு முறையும் அதே வரி: நோட்டிஃபிகேஷன் 2/2, எதிரே இருப்பவரின் ஏஎஸ் எண் தப்பு. எண்ணை நான் நான்கு முறை சரிபார்த்தேன். அந்தத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மேடம், ஆறு டிஜிட்டை ரௌட்டர் எடுக்கவே மாட்டேங்குது. அதனால பழைய பிரைவேட் நம்பரைப் போட்டு டிரை பண்ணிட்டு இருக்கேன்.”

அப்போது பிடிபட்டது. ஏஎஸ் எண்கள் முதலில் பதினாறு பிட், 65,536-க்குள் அடங்கிவிடும். அது போதாது என்று தெரிந்து 2007-இல் முப்பத்திரண்டு பிட்டாக நீட்டினார்கள். நீட்டியவர்கள், பழைய ரௌட்டர்களைக் கைவிடாமல் ஓர் ஏற்பாடும் செய்தார்கள். தனக்குள் கொள்ளாத பெரிய எண் எது வந்தாலும் பழைய ரௌட்டர் கண்ணுக்கு அது 23456 என்றே தெரியும். பெயர் வாயில் நுழையாத எல்லாருக்கும் ஒரே பொதுப் பெயர். “தம்பி, என் நம்பருக்குப் பதிலா 23456-னு போடுங்க” என்றேன். “அது யாருது மேடம்?” என்றான். “யாருதும் இல்ல. போடுங்க.”

மணி ஒன்று பத்து. கடைசிக் கட்டத்தில் ‘ஆக்டிவ்’ மறைந்தது. எண் ஏறத் தொடங்கியது. 

ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ரூட் வியூஸ் என்று ஒரு பொதுச் சேவை உண்டு. உலகத்தின் பல நெட்வொர்க்குகள் தங்களுக்குத் தெரிந்த வழிகளை அங்கே ஒப்படைக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். டெல்நெட்டில் நுழைந்து எங்கள் முகவரியைக் கேட்டேன். பத்துப் பதினைந்து வழிகள் வரிசையாக வந்தன. எல்லா வழியும் எங்கள் எண்ணில் முடிந்தது. 23456 இல்லை, முழு ஆறு இலக்க எண். சென்னையில் இருந்த அந்தப் பழைய ரௌட்டர், தனக்குப் படிக்கத் தெரியாத சீட்டைக் கிழித்துப் போடாமல், வாங்கினபடியே அடுத்தவர் கையில் கொடுத்திருந்தது. படிக்கத் தெரிந்தவர் அதைப் பிரித்து எங்கள் உண்மைப் பெயரை எழுதியிருக்கிறார். அந்த நேர்த்தியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. முகம் தெரியாத யாரோ சிலர், திருவண்ணாமலையில் ஒரு பழைய ரௌட்டருக்கு எதிரே ஒருநாள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த மாதிரி.

இனி என் தப்பு.

ஐப்பசி அடைமழையில் பெங்களூர்க் கம்பெனியின் செஷனைச் சேர்த்தேன். சென்னைக் கம்பெனியிடமிருந்து நான் உலகத்தின் முழுப் பட்டியலை வாங்கவில்லை. அப்போதே அது ஐந்து லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பெட்டி தாங்காது. அவர்களுடைய சொந்த வாடிக்கையாளர்களுக்கான மூவாயிரத்துச் சொச்சம் வழிகளும், மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் அனுப்பு என்கிற ஒற்றை டீஃபால்ட் வழியும் வாங்கினேன். நான் வெளியே சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கள் 256 முகவரி. அதை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் ஒன்றை ‘அவர்-நெட்’ என்ற பெயரில் எழுதி வைத்திருந்தேன். சென்னைப் பக்கம் அது சரியாகப் பூட்டியிருந்தது. பெங்களூர்ப் பக்கம் பூட்டும்போது ‘அவர்-நெட்ஸ்’ என்று அடித்துவிட்டேன். ஓர் எஸ். அந்தப் பெயரில் பட்டியலே கிடையாது. இல்லாத பட்டியலைச் சொன்னால் ரௌட்டர் திட்டாது, நிறுத்தாது. எல்லாம் போகலாம் என்று எடுத்துக்கொள்ளும்.

சென்னைக்காரர் நம்பி என்னிடம் சொன்ன மூவாயிரம் வழிகளையும் நான் பெங்களூர்க்காரரிடம் ஒப்பித்தேன், என் வழியாக வரலாம் என்று. அவர்கள் பக்கம் வடிகட்டி இல்லை. கம்பெனிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரிசமமானவர் சொல்லும் வழியைவிடக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் சொல்லும் வழியைத்தான் முதலில் எடுப்பார்கள். அதனால் பெங்களூர்க் கம்பெனியின் சந்தாதாரர்கள் சென்னைக் கம்பெனியின் சந்தாதாரர்களைத் தேடிப் போனதெல்லாம் நேர்வழியை விட்டுவிட்டு, செங்கம் வழியாக எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் 20 எம்பி லைனில் நுழைந்து, திண்டிவனம் பக்கமாக வெளியேறப் பார்த்தது. பௌர்ணமி ராத்திரிக் கிரிவலக் கூட்டத்தை ஒற்றை ஆள் நடக்கும் சந்துக்குள் திருப்பிவிட்டால் என்ன ஆகும்?

மூன்று மணி இருக்கும். கிராஃபில் இரண்டு லைனும் நெட்டுக்குத்தாக ஏறி, மேலே போய்த் தட்டையாக நின்றன. வைரஸா, யாராவது தாக்குகிறார்களா என்று ஃபயர்வாலைத் துழாவிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு நிமிஷம். பிறகு போன். ஒரு நடுவயதுக் குரல், சத்தம் போடவில்லை. “அம்மா, உங்க பக்கத்துல இருந்து மூவாயிரம் ரூட்டுக்கு மேல வருது. நீங்க ஒண்ணுதானே தரணும்?”

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த எஸ்ஸை எடுத்தேன். நாலைந்து நிமிஷத்தில் கிராஃப் இறங்கியது. அந்த நாற்பத்தேழு நிமிஷத்தில் யாருக்கு என்ன நின்றிருக்கும்? ஒரு வங்கிக் கிளை, ஒரு ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட், யாரோ ஒருவரின் வேலைக்கான ஆன்லைன் தேர்வு. தெரியாது, தெரியவும் வழியில்லை. அந்த மனிதர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எங்க பக்கமும் பூட்டு போட்டிருக்கணும்மா” என்று சொல்லி, எங்களிடமிருந்து எங்கள் முகவரி தவிர வேறு எது வந்தாலும் தள்ளும்படியும், ஐந்து வழிக்கு மேல் வந்தால் செஷனையே அடைக்கும்படியும் அன்றே எழுதினார்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு நிறுவனம் உள்நாட்டில் யூடியூபைத் தடுக்கப் போட்ட ஒரு வழி வெளியே கசிந்தது. யூடியூப் 1,024 முகவரிகளாக அறிவித்திருந்ததில் இவர்கள் 256-ஐ மட்டும் தனியே பிரித்துச் சொன்னார்கள். குறிப்பாகச் சொல்லும் முகவரிக்குத்தான் ரௌட்டர் முதல் மதிப்புக் கொடுக்கும். இரண்டு மணி நேரம்போல உலகத்தின் யூடியூப் போக்குவரத்து பாகிஸ்தான் பக்கம் போய்க் காணாமல் போனது. சொல்வதையெல்லாம் நம்பும் குணத்தோடு பிறந்த மொழி இது. எதை ஏற்பது, எதைச் சொல்வது என்று எழுதி வைக்காவிட்டால் வெளியாரிடம் எதையுமே ஏற்கவும் கூடாது, சொல்லவும் கூடாது என்ற விதி 2017-இல்தான் ஆர்எஃப்சி 8212 என்று வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு அந்த எஸ் ஞாபகம் வந்தது.

வீட்டில் அப்பாவிடம் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “செஞ்சிக்காரன் உங்கிட்ட சொன்னது உனக்கு. அதை நீ ஏன் செங்கத்துக்காரன்கிட்ட போய் சொன்னே? நம்ம ஊருக்கு மட்டும்தான் நாம டிக்கெட் குடுக்கணும்.” இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அதன் பிறகு எந்த மாற்றம் செய்தாலும், நான் எழுதியது என்ன என்று பார்ப்பதோடு விடுவதில்லை. பக்கத்துவீட்டுக்காரருக்கு உண்மையில் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று காட்டும் கட்டளையையும் அடித்துப் பார்த்த பிறகே நாற்காலியை விட்டு எழுவேன்.

அதன் பிறகு மூன்று வருஷம் ஜேசிபிகள் தோண்டின, ஷிஃப்ட் ஓடியது. சென்னை வழியை முதலாகவும் செங்கம் வழியை இரண்டாவதாகவும் வைத்திருந்தேன். அதற்கு ஒரு சின்ன உபாயம் போதும். செங்கம் பக்கம் சொல்லும்போது எங்கள் எண்ணையே கூடுதலாக மூன்று முறை எழுதிவிட வேண்டும். பேர்கள் அதிகமாகத் தெரியும். உலகம் பெரும்பாலும் தானாகவே சென்னை வழியை எடுக்கும்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. கார்த்திகை தீபம். அதே நாள் வர்தா புயல்.

தீபத்தன்று எங்கள் ஊருக்குள் வண்டி நுழையாது. வெளியூர்ப் பேருந்துகள் ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும்; மற்றதெல்லாம் நடைதான். மாவட்டத்துக்கு விடுமுறை. அமெரிக்காவுக்குத் திங்கட்கிழமை. பாதிப் பேருக்கு விடுப்புக் கொடுத்து, வர முடிந்த தொண்ணூறு பேரை மட்டும் மதியமே வேனில் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். அம்மாக்கள் கட்டிக் கொடுத்த பொரி உருண்டையும் அப்பமும் எல்லா மேசையிலும் இருந்தன. செல்போன் காலையிலிருந்தே திணறியது. ஊருக்குள் அத்தனை லட்சம் பேர் இருக்கும்போது எந்த டவர் தாங்கும்?

மதியத்துக்கு மேல் சென்னையில் புயல் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்துகொண்டிருந்தன. நான் சம்மரி திரையை விட்டு நகரவில்லை. சென்னை வரியின் கடைசிக் கட்டத்தில் வழக்கமாக நாலாயிரத்துக்கு மேல் நிற்கும். மூன்றரைக்கு மூவாயிரத்து எண்ணூறு. பத்து நிமிஷத்தில் இரண்டாயிரத்து நூறு. நான்கு மணிக்கு அறுநூற்றுச் சொச்சம். பிறகு நாற்பத்தொன்று. ஒவ்வொரு வழியாகத் தனக்கு எட்டவில்லை என்று அந்த ரௌட்டர் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணும் எங்கேயோ ஒரு கட்டடத்தில் கரண்ட் போனது, ஒரு கேபிள் மேல் மரம் விழுந்தது. அதை எண்ணாக மட்டும் பார்க்க முடியவில்லை.

ஆனால் செஷன் விழவில்லை. பக்கத்துவீட்டுக்காரர் உயிரோடுதான் இருந்தார். அறுபது விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும், மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் அனுப்பு என்கிற அந்த டீஃபால்ட் வழி அப்படியே நின்றது. அந்தப் பெட்டியிலேயே கையால் எழுதிவைத்த வரி அது. வெளியுலகம் போனாலும் போகாது. எங்கள் பாக்கெட்டுகள் அவரை நம்பிப் போய், திண்டிவனத்தைத் தாண்டி எங்கேயோ விழுந்துகொண்டிருந்தன. திரை எல்லாம் நலம் என்றது. அமெரிக்கா எடுக்கவில்லை.

சென்னைக் கண்ட்ரோல் ரூமுக்கு லேண்ட்லைனில் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் எந்த நிலையில் இருந்தார்களோ. செஷனை நானே அடைத்தால் முழுப் பாரமும் செங்கம் வழிக்குப் போகும். அந்த லைனிலும் ஏதாவது ஆனால் ஒன்றுமே இருக்காது. காத்திருந்தால் ஆறரைக்குத் தொண்ணூறு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான்கு இருபத்திரண்டுக்குச் சென்னையின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஷட்டவுன்’ என்று அடித்தேன். எண்டரைத் தட்டுவதற்கு முன் இரண்டு முறை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

ஓரிகனில் பார்த்தேன். சென்னை வழியாக வந்தவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு நிமிஷம் எதுவும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் எங்கள் எண் உலகத்தில் எங்கேயும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. பிறகு முதல் வரி. இரண்டாவது. பெங்களூர்க் கம்பெனியின் எண், அதன்பின் எங்கள் எண் நான்கு முறை. நான் எழுதிய மூன்றும் உண்மையான ஒன்றும். ஆஸ்திரேலியாவிலிருந்து, ஜெர்மனியிலிருந்து, அமெரிக்காவிலிருந்து, எல்லா வழியும் சுற்றிக்கொண்டு செங்கம் வழியாக வந்தது. முகவரி மாறவில்லை. அமெரிக்க ஃபயர்வாலுக்கு நாங்கள் அதே ஆட்கள்தான்.

ஐந்தே முக்காலுக்கு எல்லாரையும் மாடிக்கு அனுப்பினேன். நானும் போனேன். மேகம் தாழ்ந்து மலையின் தோளில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் கைகூப்பியபடி உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஆறு மணி. 2,668 அடி உயரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் பற்றி, காற்றில் சாய்ந்து, நிமிர்ந்தது. ஊர்ப் பக்கமிருந்து அரோகரா சத்தம் அலை மாதிரி வந்து எங்கள் சுவரில் மோதியது. தண்டராம்பட்டுப் பெண் ஒருத்தி கொண்டுவந்திருந்த அகலைக் கைப்பிடிச் சுவரோரம் காற்றுக்கு மறைவாக ஏற்றினாள். ஆறு இருபதுக்கு எல்லாரும் இறங்கினார்கள். ஆறரைக்கு முதல் அழைப்பு.

ஏழு மணிக்கு வீட்டு லேண்ட்லைனுக்குப் பேசினேன். அப்பா எடுத்தார்.

“மெட்ராஸ் பக்கம் வண்டி ஒண்ணும் சரியா வரலைன்னு சொல்றாங்க. உன் லைன் இன்னா ஆச்சு?”

“செங்கம் வழியா வுட்டிருக்கேன்ப்பா.”

“சுத்துதானே?”

“சுத்துதான்.”

“போய்ச் சேருதா?”

“சேருது.”

“சரி, சாப்பிடு” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் சென்னைக்காரர் மூச்சு விட ஆரம்பித்தார். நான் திறக்கவில்லை. கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது திறந்தால் எங்கள் வழி எழும், விழும், மறுபடி எழும். அப்படித் துள்ளுகிற முகவரியைச் சில பெரிய நெட்வொர்க்குகள் கொஞ்ச நேரத்துக்கு ஒதுக்கி வைத்துவிடும். நிலையாக நிற்கிறாயா பார்க்கலாம் என்று. புதன்கிழமை அந்தப் பழைய தம்பி போன் செய்தான். இரண்டு நாள் ஆபீஸிலேயே படுத்திருக்கிறான், குரல் கட்டியிருந்தது. “நாளைக்கு வரைக்கும் வெயிட் பண்ணுங்க மேடம். ஜெனரேட்டர்ல ஓடிட்டு இருக்கோம்.” அவன் வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டேன். வாசலில் வேப்பமரம் விழுந்துவிட்டதாம், ஆளுக்கு ஒன்றும் இல்லையாம்.

வியாழக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் நடுவே, டீ இடைவேளையில், ‘ஷட்டவுன்’ வரியை எடுத்தேன். ‘ஆக்டிவ்’ என்று வந்தது. முப்பது விநாடி இருக்கும். பிறகு எண். எழுபது, ஆயிரத்து இருநூறு, மூவாயிரம். அந்தப் பக்கம் நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கும் கட்டளையை அடித்தேன். ஒரே ஒரு வரி, எங்கள் முகவரி.

ஜன்னலைத் திறந்தேன். மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. பதினோரு நாள் எரியும். வராண்டாவில் யாரோ டீ கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.